ஓபிடி ஸ்கேனர்: டியூன் அப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செருகிப் பாருங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளைப் போனில் புளூடூத் வழியாகப் பார்க்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் இது. எல்ம் 327 என்ற சிப் வகை. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது, ஒரு வருஷத்துக்கு மேலாக வண்டியிலேயே கிடக்கிறது. 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் வைத்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இது எஞ்சினை டியூன் செய்யாது. செருகினால் மைலேஜ் கூடும் என்று நினைத்து வாங்கிவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஸ்கேனரின் தப்பில்லை.

பிரீமியர் பத்மினி, அம்பாசடர் காலத்தில் டியூன் அப் என்றால் நிஜமான கைவேலை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் இருக்கும். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கில் பொறி விழும், கூடவே பாயிண்டின் முனையும் கொஞ்சம் கருகும், தேயும், இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், நகர்ந்துவிடும். மெக்கானிக் உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, பீலர் கேஜ் நுழைத்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியை வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரையே லேசாகத் திருப்பி டைமிங்கைப் பிடிப்பார். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். ஐடிலிங் ஸ்க்ரூவையும் மிக்சர் ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் திருகி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு இடத்தில் நிறுத்துவார். நல்ல கை பட்டால் வண்டி பட்டு மாதிரி ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி கொண்டுபோய் நிறுத்த வேண்டியதுதான். சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் அமெரிக்காவில் காடிலாக் கார்களுக்குச் செய்துகொடுத்த ஏற்பாடு அது, நம் ஊர் டாக்சிகளில் எத்தனையோ தலைமுறை தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வேலையை ஒழித்தது புகைக் கட்டுப்பாடுதான் என்று சொல்லலாம். 1983-இல் கார்புரேட்டரோடு வந்த மாருதி 800-க்கே 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, வந்துவிட்டது. புகைச் சோதனையில் பழைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை விட்டுவைத்தார்கள், பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) வண்டிக்கு அது 0.3 சதவீதம். ஸ்க்ரூவைத் திருகி அந்த அளவில் நிலையாக வைக்க யாராலும் முடியாது. இப்போது கிராங்க் சென்சார், ஆக்சிஜன் சென்சார், நாக் சென்சார் எல்லாம் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை ஓட ஓட ஈசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பாயிண்ட் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, பெரும்பாலான கார்களில் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில் பிளக்குக்கு ஒன்றாக நேராக மேலே உட்கார்ந்திருக்கிறது. இரிடியம் பிளக் என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

அப்படியானால் இன்னமும் சர்வீஸ் சென்டரில் எதை டியூன் செய்கிறார்கள்? இந்த ஸ்கேனரை நான் வாங்கியதே அந்தக் கேள்வியால்தான். வண்டி மிஸ்ஸிங் அடித்தது, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கொண்டுபோன சர்வீஸ் சென்டரில் என்ன கோடு (பழுதுக் குறியீடு) வந்திருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை, டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், நாலு பிளக் எல்லாம் சேர்த்து ஒரு 'எஞ்சின் டியூன் அப் பேக்கேஜ்' எஸ்டிமேட்தான் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேனர் வாங்கிச் செருகினேன். பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டியதும் பி0303 வந்தது. காயில் போன இடத்துக்குக் கோடும் போயிற்று, ஆக காயில்தான் போயிருக்கிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு காயிலை மாற்றிக் கொடுத்தார், பேக்கேஜ் தொகையில் பாதிகூட ஆகவில்லை. "கோடு எடுத்துட்டு வந்தா எனக்கும் வேலை மிச்சம் தம்பி" என்றார். (செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அது பெரிய செலவு.)

குறைகள் இருக்கின்றன. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் என் வண்டியில் வரவில்லை, இந்த விலையில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. லைவ் டேட்டா தாமதமாக வருகிறது, ஒரே நேரத்தில் நிறைய அளவுகளைப் போட்டால் திணறுகிறது. கோடை அழிப்பது சுலபம் என்பதே ஒரு ஆபத்து, பழுதைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் அணைத்து வண்டியை விற்கிறவர்களும் உண்டு. சாக்கெட்டுக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வருவதால் ஊருக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் சிப்பைப் பார்த்து நகலெடுத்தவைதான் சந்தையில் நிறைந்து கிடக்கின்றன, பெட்டியில் போட்டிருக்கும் பதிப்பு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்கி அன்றைக்கே உங்கள் காரில் செருகிப் பாருங்கள். ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ உள்ளதைக் கேட்டு வாங்கவும், சாதா புளூடூத் அதில் ஒத்துவராது. கார்புரேட்டர் வண்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் இல்லை, நல்ல காது உள்ள மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.