புழல் சிறையில் நோய்த் தடுப்பு: தனி பிளாக்கா, வாசலில் எக்ஸ்ரேயா, ஆள் குறைப்பா?

சிறைக்குள் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. புதிதாக வருபவர்களைச் சில நாள்கள் தனி பிளாக்கில் வைப்பது ஒன்று. வந்த அன்றே எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்வது இன்னொன்று. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையையே குறைப்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்தே செய்யலாமே என்று சொல்வது எளிது. ஆனால் இடமும் பணியாளர்களும் பணமும் அளவாகவே கிடைக்கும் ஒரு சிறை எதை முதலில் செய்ய வேண்டும் என்பதே இங்கே கேள்வி. 2006இல் திறக்கப்பட்ட புழல் மத்தியச் சிறையை முன்வைத்தே இதை அலசுகிறேன். கைதிகளும், வார்டர்களும், மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) வரும் குடும்பத்தாரும், கைதிகளை வெளியே கொண்டுசெல்லும்போது வழிக்காவலுக்கு வரும் ஆயுதப்படைக் காவலர்களும் நாள்தோறும் போய்வரும் இடம் அது. அங்கே இருமும் ஒருவரின் நோய் வடசென்னையின் வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் வந்து சேர அதிக நாள் ஆகாது.

தனி பிளாக் என்னும் ஏற்பாடு கொரோனா காலத்தில் பரவலாக அறிமுகமானது. தொற்றிய சில நாள்களிலேயே வெளிப்பட்டுவிடும் நோய்களுக்கு அது பொருத்தமானதே. ஆனால் சின்னம்மை தொற்றி வெளிப்பட 10 முதல் 21 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், அதற்கே வழக்கமான 14 நாள் தனிமை முழுமையாகப் போதாது. நடைமுறையில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சிறைக்குப் புதியவர்கள் தினமும் வருகிறார்கள். பதின்மூன்றாம் நாளில் இருப்பவரும் இன்று மாலை வந்தவரும் ஒரே அறையில் படுத்தால், முன்னவருக்கு நாள் கணக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாள் வருகைக்கும் தனித்தனி அறை இருந்தால் மட்டுமே இந்த வழி வேலை செய்யும். நெரிசலான சிறையில் கிடைக்காதது அந்த அறைதான். காசநோய்க்கோ இந்த ஏற்பாடு நன்மையை விடத் தீமையையே அதிகம் செய்யக்கூடும். அந்தக் கிருமி உடலில் புகுந்து நோயாக மாற மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்பதால் இரண்டு வாரக் காத்திருப்பில் எதுவும் தெரியவராது. மாறாக, ஏற்கெனவே நோயோடு வரும் ஒருவர், பரிசோதிக்கப்படாத மற்றவர்களோடு அதே அறையில் இரவெல்லாம் அடைபட்டுக் கிடப்பார்.

வாசலிலேயே பரிசோதிப்பது இந்தக் குறையை நேராகத் தொடுகிறது. ஆனால் எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தே பலன் அமையும். "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா" என்று கேட்டுப் படிவத்தை நிரப்புவது மலிவானது. எனினும் பிடிபட்ட அதிர்ச்சியில் நிற்கும் ஒருவர், ஆமென்று சொன்னால் எங்கே தள்ளிவிடுவார்களோ, மனு பார்க்க விடாமல் செய்துவிடுவார்களோ என்று அஞ்சி இல்லையென்றே சொல்வார். பீடி குடிப்பவர் தம் இருமலை நோயென்றே எண்ணமாட்டார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறிப் போயிருப்பார்கள் என்று தெரியவந்தது. வெளியே, தம் வீட்டில் இருந்தவர்களின் நிலையே இதுவென்றால், சிறை வாசலில் வெறும் கேள்வித்தாளை நம்ப இடமில்லை.

ஆகவே கையடக்க எக்ஸ்ரே கருவி ஒன்றும், படத்தில் ஐயம் தோன்றியவர்களின் சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் இயந்திரமும் தேவை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவைத் தரும் சிபிநாட், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லும். இதில் சின்னதாகத் தோன்றும் ஒரு வேலைதான் பலனையே தீர்மானிக்கிறது. டப்பாவைக் கையில் கொடுத்துத் துப்பச் சொன்னால் பெரும்பாலோர் எச்சிலைத்தான் துப்புவார்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, ஆழ மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து காறித் துப்ப வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் வேண்டும்; அதுவும் காற்றோட்டமான திறந்தவெளியில். அந்த ஒருவரை நியமிக்காமல் இயந்திரத்தை மட்டும் வாங்கினால் முடிவுகள் நம்பத் தகாதவையாகிவிடும்.

நோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவது, அடைத்து ஒதுக்குவதை விட மேலானது என்பதற்கான சான்று இதே சென்னையிலிருந்துதான் உலகுக்குப் போனது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில்) சேர்க்கப்பட்டவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. நெருக்கடியான வீடுகளில் இருந்தபோதும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. சிறைக் கொட்டடி வீடாகிவிடாது என்பதால் சிகிச்சையின் முதல் இரு வாரங்களில் நோயாளிக்குத் தனி அறை தருவது அவசியம். ஆனால் அந்த அறை நோய் உறுதியான சிலருக்கு மட்டும் போதும். வருகிற எல்லாருக்கும் வேண்டியதில்லை.

சொறிசிரங்குக்கு இந்த மூன்று வழிகளுமே முதன்மையானவை அல்ல. அறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் என்னும் பூச்சு மருந்தைத் தடவி, போர்வைகளையும் துணிகளையும் அன்றே வெந்நீரில் துவைத்தால் அடங்கும். தண்ணீர்தான் அங்கே முதல் மருந்து.

இனி ஆள் குறைப்பு. மாலையில் பூட்டிய கதவு மறுநாள் காலையில்தான் திறக்கும் என்னும்போது, உள்ளே எத்தனை பேர், எத்தனை சன்னல் என்பவையே தொற்றின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஏரிக்கரை ஊரான புழலில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. வலை அடிக்காத சன்னலை உள்ளிருப்பவர்களே துணி கட்டி அடைத்துவிடுவார்கள். ஆகவே சன்னலுக்கு வலை அடிப்பது காசநோய்த் தடுப்புச் செலவாகவே கணக்கில் ஏற வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கும் அதிகாரமோ சிறைக் கண்காணிப்பாளரிடம் இல்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது இடைக்கால ஜாமீனில் பலர் வெளியேறியதால், மனம் வைத்தால் முடியும் என்பது தெளிவாயிற்று. தென்னாப்பிரிக்காவில், விசாரணைக் கைதியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்து நிரபராதியாக வெளியே வந்த ஒருவருக்குச் சிறையில் வந்த காசநோய்க்கு அரசே பொறுப்பு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் நமக்கும் பொருந்தும்.

பலனில் ஆள் குறைப்பே முதலிடம் பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது நீதிமன்றங்களின் வேகத்தில்தான் நடக்கும். சிறை நிர்வாகமும் சுகாதாரத் துறையும் தாமாகவே நாளையே தொடங்கக்கூடியது வாசல் எக்ஸ்ரே. தனி பிளாக்குக்கு ஒதுக்கும் இடத்தையும் ஆளையும் இதற்குத் திருப்பிவிடுவதே சரி என்பது என் முடிவு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. காசநோய்ச் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். ஜாமீனோ ஒரு சாயங்காலத்தில் திடீரென்று வந்துவிடும். மருந்து பாதியில் நின்றால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும் கூடும். ஆகவே சிகிச்சையில் உள்ளவர்களின் பட்டியல் விடுதலைக் காகிதம் எழுதும் மேசையிலேயே இருக்க வேண்டும். கதவைத் தாண்டும்போது ஒரு மாத மாத்திரையும், அரசின் காசநோய்ப் பதிவேட்டில் அவருக்குரிய நிக்‌ஷய் எண் எழுதிய சீட்டும், அவர் வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பெயரும் கையில் தரப்பட வேண்டும்; மறுநாளே அந்த நிலையத்திலிருந்து ஒருவர் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.