அம்பாசடருக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட்: வாங்கியதும் மாட்டியதும்

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அம்பாசடருக்கான தெர்மோஸ்டாட், மெழுகு வகை, 82 டிகிரி. இன்ஜின் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, பிறகு திறந்துவிடும் வால்வுதான் இது; உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். விலை ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வாங்கியது திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய உதிரிபாகக் கடையில், மாட்டியது மேலப்பாளையத்தில் ஒரு பட்டறையில். இரண்டு இடத்திலும் எனக்குத் திருப்திதான். ஒரு சாரல் காலமும் ஒரு கத்திரி வெயிலும் ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது, 1986 மார்க் 4. அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை நடந்த காலத்தில் ஆள், மூட்டை, கல்யாணச் சீர் எல்லாம் சுமந்த வண்டி. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் டாப் ஓஸ் வெடித்திருக்கிறதே என்று மாற்றக் கழற்றினால், அந்த ஓஸ் மாட்டும் வளைந்த அலுமினிய மூடியான எல்போவுக்குள் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ கழற்றி எறிந்திருக்கிறார். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: “அது குளிர் தேசத்துச் சாமான்வே. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? இல்லாம ஓட்டும், ஒண்ணும் ஆகாது.”

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மெழுகு வகை கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போவதற்குள் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பினால், வண்டிக்காரர் ஏசுவது மெக்கானிக்கைத்தான். அதற்கு முந்திய காலத்து, துருத்தி மாதிரி மடிப்புள்ள பெல்லோஸ் வகை, உள்ளே இருக்கும் திரவம் கசிந்து கெட்டாலும் பெரும்பாலும் திறந்தே நிற்கும். வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும். ஆக, கழற்றி எறிவது பட்டறைக்காரருக்குப் பாதுகாப்பு. இன்ஜினுக்கு அப்படி இல்லை.

தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில், சாவி திருப்பின நிமிஷத்திலிருந்தே தண்ணீர் முழுக்க ரேடியேட்டர் வழியே சுற்றும். இன்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். என் வண்டியில் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியிருக்கிறேன். சாரல் காலத்துக் காலையில் டவுனிலிருந்து குற்றாலம் கிளம்பினால் பேட்டை தாண்டியும், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை உள்ளே தள்ள முடியாது. ஆலங்குளம் போன பிறகும் முள் 60-ஐ ஒட்டியே கிடக்கும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். ஈரமும் சேர்ந்து ஆயில் ஊற்றும் வாயின் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் ஒரு பசை படியும். சிலிண்டர் தேய்வது இப்படித்தான்.

சரி, வாங்குவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எத்தனை டிகிரி? இந்த இன்ஜின் குடும்பத்துக்கு 74, 82, 88 என்று மூன்று உண்டு. 74 வெப்ப நாட்டுக்கு, 88 குளிர் நாட்டுக்கு, 82 நடுவாந்தரம். நம் ஊருக்கு 74 என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் 82 எடுத்தேன். தெர்மோஸ்டாட் குளத்து மடை மாதிரி. எந்த மட்டத்தில் திறக்கணும் என்பது மட்டும்தான் அதன் பொறுப்பு. திறந்த பிறகு வெளியே போகிற தண்ணீரைக் குளிரவைப்பது ரேடியேட்டரும் காற்றாடியும். மே மாதம் உச்சி வெயிலில் 74-ம் முழுசாகத் திறந்திருக்கும், 82-ம் முழுசாகத் திறந்திருக்கும். முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். 74 போட்டால் சூடு ஏறாது என்று நம்பி வாங்குகிறவர்கள் காசை ரேடியேட்டருக்குச் செலவழிக்கலாம்.

முதலில் இணையத்தில் ஒன்று வரவழைத்தேன். விற்றவர் பெயர் வேண்டாம். அம்பாசடருக்கு என்றுதான் போட்டிருந்தது. என் வண்டியில் அது உட்காரும் குழி 54 மில்லி. வந்த சாமானின் விளிம்பு கொஞ்சம் பெரிசு, குழியில் இறங்கவே இல்லை. அதைவிட மோசம், காற்று வெளியேறுவதற்கான சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இல்லை. அந்தத் துளை இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பும்போது தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று அடைத்துக்கொள்ளும். மெழுகுக் குமிழைத் தண்ணீர் தொடாமல் காற்று மட்டும் சூழ்ந்திருந்தால் அது நேரத்துக்குத் திறக்காது. திருப்பி அனுப்பினேன், பணம் வந்துவிட்டது, அதோடு சரி.

வண்ணார்பேட்டைக் கடை வேறு ரகம். அண்ணாச்சி எடுத்த எடுப்பில் கேட்டது, “பெட்ரோலா, டீசலா, இசுசூவா?” பின்னாளில் வந்த 1.8 இசுசூ இன்ஜின் வண்டிக்கு இது ஆகாது. இந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் வாங்கவே கூடாது என்பேன். எல்போவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த இரண்டை எடுத்து வைத்தார். அடிப்பகுதியில் 82 என்று குத்தியிருந்தது. “வீட்ல கொதிக்க வச்சுப் பாரும். திறக்கலைன்னா கொண்டாரும், மாத்தித் தாரேன்” என்றார். எலெக்ட்ரிக்கல் சாமானைக்கூட டெஸ்ட் பண்ணித் தராத ஊரில் இது பெரிய வார்த்தை. இரண்டையும் வாங்கி வந்தேன்.

அடுப்படியில் டெஸ்ட் பண்ணுவது சுலபம். வால்வை விரலால் லேசாகத் திறந்து, ஒரு தையல் நூலை இடுக்கில் கொடுத்து விட்டுவிட வேண்டும். வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலாலேயே தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்; அடியில் படக்கூடாது, பாத்திரத்தின் சூடு தண்ணீரைவிட அதிகம். பக்கத்திலேயே தெர்மாமீட்டர். 80 வரை அசைவில்லை. 83-ல் நூலை விட்டுவிட்டு டொக்கென்று கீழே விழுந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பார்த்தால் வால்வு சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. இறக்கி ஆறவிட்டதும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. இன்னொன்று 86-க்குத்தான் விழுந்தது. அதை ஸ்பேராக வைத்துக்கொண்டேன். அல்வா கிண்டுகிற பாத்திரத்திலா இரும்பைப் போட்டீர்கள் என்று வீட்டில் கேட்டது தனிக்கதை.

மாட்டும் வேலையில் ஆபத்து ஒன்றே ஒன்று, ஸ்டட். சிலிண்டர் ஹெட்டில் பதிந்து நின்று எல்போவைப் பிடிக்கிற மரையாணிதான் ஸ்டட்; மூன்றும் இரும்பு, எல்போ அலுமினியம். வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்து இரண்டும் ஒன்றாகப் பிடித்திருக்கும். நீளமான ஸ்பேனரைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அப்புறம் லேத் பட்டறைதான் கதி. மேலப்பாளையம் பாய் அவசரப்படவில்லை. துரு இளக்கும் டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டார். காலையில் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, கால் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுத்தார். மூன்றும் முழுசாக வந்தன. ரேடியேட்டரிலிருந்து வடித்த பழைய கூலன்ட்டை வாளியோடு திறந்து வைக்காமல் மூடிவைத்ததற்கும் அவருக்கு ஒரு சபாஷ். அது இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

ஸ்பிரிங்கும் குமிழும் இன்ஜின் பக்கம் கீழே, ஊசித் துளை மேட்டுப் பக்கம். எல்போவுக்கு அடியில் கசியாமல் வைக்கும் புது பேக்கிங்கின் இரு பக்கமும் பேஸ்டை விரலால் மெலிசாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் பிதுங்கி உள்ளே போய் அடைக்கும். ஊற்றியது கூலன்ட்டும் டிஸ்டில் வாட்டரும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் ஓடவிட்டார். கொஞ்ச நேரம் டாப் ஓஸைத் தொட்டால் சில்லென்றே இருந்தது. திடீரென்று கை வைக்க முடியாத சூடு. தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கினதை நிரப்பி மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு சாரலில் குற்றாலம் போனபோது பேட்டைக்கு முன்பே சோக்கைத் தள்ளிவிட்டேன். முள் 82-ல் ஏறி நின்றது, ஆலங்குளத்திலும் அங்கேதான், தென்காசியிலும் அங்கேதான். வண்டி இழுவை தெரிகிறது. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை போய்விட்டது. மைலேஜ் கூடிய மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அளந்து பார்க்கவில்லை, அதனால் அதை இதன் கணக்கில் சேர்க்கவில்லை.

மே மாதம் செங்கோட்டை தாண்டி புளியரை ஏற்றத்தில் முள் 96-ஐத் தொட்டது. உடனே கூட இருந்த மச்சான், “பாத்தீங்களா அத்தான், அந்தச் சனியனைக் கழட்டுங்க” என்று ஆரம்பித்துவிட்டார். ஊருக்கு வந்து ரேடியேட்டரை இறக்கினால், குழாய்களில் வெள்ளையாகப் பாறை. ஆலையில் இருந்த காலம் முழுக்க போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள், உப்பு படிந்து பாதிக் குழாய் அடைத்துக்கொண்டது. ராடிங் செய்து, அதாவது குழாய்க்குள் கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுத்து, மாட்டிய பிறகு அதே ஏற்றம், அதே வெயில், 88-க்கு மேல் முள் போகவில்லை. தெர்மோஸ்டாட்டை யாரும் தொடவில்லை.

குறை என்று சொன்னால் கடையில் பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். ஜிபே உண்டு. மதியம் ஒரு மணிக்குப் போனால் அண்ணாச்சி சாப்பிடப் போயிருப்பார், பையனுக்கு எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று தெரியாது. காலையில் போங்கள், எல்போவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், பேக்கிங்கும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.