பரீக்குட்டி கொடுத்த முன்பணம்

கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் காய்கறி மண்டி. அப்பா வைத்தது, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். மலையாளம் நன்றாகப் பேசுவேன், பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது, ஆனால் ஒரு நாவலை மலையாள எழுத்தில் படிக்க வராது. அதனால் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ என் கைக்கு வந்தது சுந்தர ராமசாமியின் தமிழில். கோவையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். தாள் பழுத்திருந்தது, முதுகில் யாரோ காக்கி டேப் ஒட்டியிருந்தார்கள், பக்கம் எதுவும் குறையவில்லை. மழை பிடித்த ஒரு வாரம், லோடு வராத மத்தியானங்களில் படித்து முடித்தேன்.

1965இல் வந்த படத்தை டிவியில் பார்த்துவிட்டு, இது முழுக்கக் காதல் கதை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். புத்தகத்தில் என்னை உலுக்கியது அதிலுள்ள கடன். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முன்பணம்.

செம்பன்குஞ்சுக்கு ஒரே ஆசை, சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்க வேண்டும். கையில் இருப்பது போதவில்லை. கரையில் மீன் வாங்கி உலர்த்தி விற்கும் சின்ன முதலாளி பரீக்குட்டி உதவுகிறான். பணம் மட்டுமில்லை, தன் கொட்டகையிலிருந்த கருவாட்டையும் கொடுக்கிறான். செம்பன்குஞ்சும் மனைவி சக்கியும் ராத்திரியில் அதைக் கூடை கூடையாகச் சுமந்து போகிறார்கள். தோணி வந்ததும் மீனை அவனுக்கே போடுவதாகப் பேச்சு. செம்பன்குஞ்சின் மகள் கறுத்தம்மாவுக்காகத்தான் அவன் இதைச் செய்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. கதை ஆரம்பிக்கும்போதே அவளும் அவனும் இந்தத் தோணியையும் மீனையும் பற்றித்தான் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தோணி வருகிறது, மீனும் வருகிறது. பரீக்குட்டி ஆவலோடு கரைக்கு வந்து நிற்கிறான். செம்பன்குஞ்சு அவனை முன்பின் தெரியாத யாவாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, ரொக்கம் இருக்கிறதா என்று கேட்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டேன்.

எங்கள் அப்பாவுக்கு இது நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவர் முன்பணம் கொடுத்தால் சிவப்பு அட்டை நோட்டில் பெயரும் தொகையும் மட்டும் எழுதுவார். கையெழுத்து கேட்க மாட்டார். பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போட ஒருவர் ஆறாயிரம் வாங்கினார், காய் முழுக்க நம் மண்டிக்குத்தான் என்றார். ஓணத்துக்கு முந்தின வாரம் விலை ஏறியது. காய் வரவில்லை. அப்பா டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார், பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வேறு இடத்து லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆள் அப்பாவைப் பார்த்து, “என்ன விலைக்குங்ணா எடுக்கிறீங்க?” என்றார். அவ்வளவுதான். அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து, “ஏறி எறங்குனதுல கால் வலிக்குதா கண்ணு?” என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் எழுத்து வாங்காமல் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. கூடப் பிறந்த தம்பிக்குக்கூட.

அதனால்தான் இந்த நாவலில் நம்பிக்கை உடைந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆகிறார்கள் என்பதை வரி வரியாகப் பார்த்தேன். தகழி எல்லோரையும் ஒரே மாதிரி உடைக்கவில்லை. பரீக்குட்டிக்குக் கையிலிருந்தது போகிறது, கொட்டகை போகிறது, கறுத்தம்மாவும் பழனி என்ற மீனவனுக்கு மனைவியாகிப் போகிறாள். ஆனால் எங்கள் அப்பாவைப்போல அவன் இறுகிப் போகவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூட வாய் வருவதில்லை. ராத்திரியில் கடற்கரையில் உட்கார்ந்து பாடுகிறான், அவ்வளவுதான். முதலில் எனக்கு இது கோபத்தைக் கொடுத்தது. இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோதுதான், அவன் எதையும் மறக்காமலும் யாரையும் வெறுக்காமலும் தேய்ந்துகொண்டே போவது புரிந்தது.

கறுத்தம்மா மாறுவது வேறு விதம். விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த பெண், கடனைத் தீர்த்தாயா தீர்த்தாயா என்று அம்மாவை அரிக்கிறவளாக ஆகிறாள். அப்பன் செய்த மோசத்தின் வட்டி தன் தலையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது.

ரொம்பவும் கெட்டுப்போகிறவன் நினைத்ததைச் சாதித்த செம்பன்குஞ்சு. எனக்கு இந்த நாவலில் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். ஒரு தோணி இரண்டாகிறது. தோணியை அவனுக்கு விற்ற கண்டன்கோரன் வீட்டில் பார்த்த சுகவாழ்வு கண்ணிலேயே நிற்கிறது. சக்கியும் அந்த வீட்டுக்காரியைப்போல உடம்பு தேறி, மினுமினுப்பாக வர வேண்டுமாம். சக்கியோ மகள் கல்யாணத்தன்று விழுந்தவள், அப்புறம் எழவே இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு புருஷனுடன் கிளம்பிய மகளை, இனி என் மகளே இல்லை என்கிறான். பின்னால் கண்டன்கோரனின் விதவை பாப்பிக்குஞ்ஞையே கட்டி வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அப்போதும் அந்தச் சுகம் வருவதில்லை. கடைசியில் புத்தி பேதலித்த பிறகுதான் பரீக்குட்டியின் கையில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதை வைத்து என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

பழனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாருமற்ற அநாதை, கல்யாணம் என்றால் ஒரு வீடு கிடைக்கும் என்று நினைத்தவன். மனைவியைப் பற்றிய ஊர்ப் பேச்சு அவனைத் தோணியிலிருந்தே இறக்கிவிடுகிறது. தனியாகத் தூண்டிலோடு கடலுக்குப் போகிற அவன்மேல் எனக்குப் பரீக்குட்டியைவிட அதிக இரக்கம் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் ஒப்பவில்லை. கடலில் போனவனின் உயிர் கரையில் இருப்பவளின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையைச் சக்கி மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். சரி, அது அந்த மக்களின் நம்பிக்கை. ஆனால் கதை அந்த நம்பிக்கை சொன்ன மாதிரியே முடிகிறது. முதலில் பேச்சு மாறியவன் செம்பன்குஞ்சு. பழியைச் சுமக்கிறவள் கறுத்தம்மா. தகழி இதைத் தெரிந்தேதான் எழுதினாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வரவில்லை, ஒருசில வாக்கியங்கள் நீளுவதைத் தவிர. மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு அடியில் அந்த ஓசையும் கேட்கும். கறுத்தம்மா மலையாளத்தில் பரீக்குட்டியைக் கூப்பிடுவது ‘கொச்சு முதலாளி’ என்று, அதாவது சின்ன முதலாளி. எங்கள் சந்தையில் இன்றும் புழங்குகிற அழைப்பு அது, எனக்கு அதிலேயே பாதிக் கதை வந்துவிட்டது. சுந்தர ராமசாமியும் எல்லையோர நாகர்கோவில்காரர். ‘செம்மீன்’ வெளிவந்தது 1956இல், அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதிதான் நாகர்கோவில் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்தோடு நின்றது. படம் பார்த்தாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், வாங்கிப் படியுங்கள்.

படித்த பிறகு அம்மாவிடம் அந்தப் பந்தல்காரரைப் பற்றிக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த ஓணம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி அவருடைய வீட்டுக்காரம்மா பின்வாசல் வழியாக வந்து, முந்தானையில் முடிந்திருந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்ததாகச் சொன்னார். இனி மாசாமாசம் கொண்டுவருகிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். அப்பாவுக்கும் தெரியாமலே அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை மாசம் என்று கேட்டேன். “நாலு மாசம் வந்தா கண்ணு. அப்புறம் படுத்துட்டா.”

இப்போது புத்தகம் அம்மாவிடம் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி மெல்லத்தான் படிக்கிறார். நேற்று வரை கருவாட்டுக் கூடையைச் சுமந்து போகிற இடத்துக்கு வந்திருக்கிறார்.