லட்லோ நினைவுச்சின்னமா, டாசன் கல்லறையா?

அமெரிக்காவின் ராட்டன் கணவாய்க்கு வடக்கே கொலராடோவில் லட்லோ. தெற்கே நியூ மெக்சிகோவில் டாசன். இரண்டுமே நிலக்கரி ஊர்கள், இரண்டிலும் இப்போது குடியிருப்பு கிடையாது. எதைப் போய்ப் பார்ப்பது?

லட்லோவில் கதை தெளிவாகச் சொல்லப்படுகிறது. 1914 ஏப்ரல் 20-இல், வேலைநிறுத்தத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் இருந்த குழியில் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தக் குழியை இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் தொழிற்சங்கம் 1918-இல் எழுப்பிய கற்சிலை. 2003-இல் யாரோ சிலைகளின் தலையை அறுத்துவிட்டார்கள், பிறகு அவை சரிசெய்யப்பட்டன. 2009-இல் இந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

டாசனில் இப்படி விளக்கம் கிடைக்காது. வெள்ளையடித்த இரும்புச் சிலுவைகள், வரிசை வரிசையாக. 1913 அக்டோபர் சுரங்க வெடிவிபத்தில் 263 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் இத்தாலியர்கள், கிரேக்கர்கள். 1923-இல் மறுபடி ஒரு வெடிவிபத்து, நூற்றுக்கும் மேல் சாவு. 1950-இல் கம்பெனி சுரங்கத்தை மூட, ஊரே கலைந்தது. மிஞ்சியது முக்கியமாக இந்தக் கல்லறைதான்.

வரலாறு புரிய லட்லோ போதும். ஆனால் ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் டாசனுக்குப் போவேன். ஒரே மாதிரிச் சிலுவைகளை எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடுவோம்.