கோழி ரோஸ்ட்: மலையேறும் முன்பா, இறங்கி வந்த பிறகா?

விடுமுறை நாளில் ஒரு மலை நடை, அதே நாளில் வாசனை இலை போட்ட கோழி ரோஸ்ட். இரண்டும் வேண்டுமென்றால் வழி இரண்டுதான். முந்தின ராத்திரியே ரோஸ்ட் செய்து பையில் எடுத்துப் போகலாம். இல்லையென்றால் உப்புத் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்ததும் ஓவனில் ஏற்றலாம்.

எடுத்துப் போவதில் உள்ள சுகம் தெரிந்ததுதான்: உச்சியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் முழுக்கோழி அதற்குச் சரிவராது. ஆறிப்போன நெஞ்சுக்கறி வறவறவென்று இருக்கும். தொடைக்கறி ஆறினாலும் மென்மையாகவே இருக்கும். அதனால் தொடைத் துண்டுகள் மட்டும் போதும். வெண்ணெய் வேண்டாம், எண்ணெய் தடவுங்கள். நான் முதல் தடவை வெண்ணெய் போட்டு எடுத்துப் போய், மேலே டப்பாவைத் திறந்தால் கறிமேல் மெழுகு பூசினமாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆறிய கறியில் உப்பும் மட்டாகத் தெரியும், ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள். எலும்பை எடுத்துவிட்டால் சுமை குறையும், குப்பையைத் திரும்பத் தூக்கி வரவும் வேண்டாம்.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. சமைத்த கறி குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து டப்பாவோடு சேர்த்துத் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். ஆனால் பனிக்கட்டி முழுக்க உருகிவிட்டால் அப்புறம் அந்தக் கணக்குதான்.

வந்து சமைப்பதில் ருசி ஒரு படி மேலே. உப்புத் தடவி, மூடாமல் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கும் கோழியின் தோல் நன்றாக உலர்ந்துவிடும். நீங்கள் நடக்கிற நேரமும் அதற்குக் கூடுதல் லாபம். அலுத்து வந்தவருக்கு முழுக்கோழி வேகும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. ஒன்றரைக் கிலோ கோழி என்றால் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். எனவே முந்தின நாளே முதுகெலும்பின் இரு பக்கமும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சு மேலே வரும்படி கோழியைத் திருப்பிப் போட்டு, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், கோழி தட்டையாகிவிடும். 220 டிகிரியில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திய வெப்பமானி 74 டிகிரி காட்டவேண்டும். டைமர் வைத்த ஓவன் இருக்கிறதே என்று பச்சைக் கோழியை உள்ளே வைத்துவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள்.

இலைகளும் வழிக்குத் தக்கபடி மாறும். ரோஸ்மேரியும் தைமும் சூட்டைத் தாங்கும், ஆறிய கறியிலும் வாசனை நிற்கும். ஆனால் தோலின் மேல் தூவினால் கருகிக் கசக்கும். தோலுக்கு அடியில் திணியுங்கள். கொத்தமல்லி, பார்ஸ்லி மாதிரி மெல்லிய இலைகள் ஓவனில் வாடிவிடும். இறக்கியபின் நறுக்கித் தூவவேண்டியவை என்பதால் அவை வந்து சமைப்பவருக்கே.

நடையில் என்ன வித்தியாசம்? வீட்டில் கோழி காத்திருந்தால் திரும்பும் நேரம் உறுதியாக இருக்கவேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் மூன்றரை மணி. ஓய்வும் போட்டோவும் அதில் சேராது, ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள். போன வழியே திரும்பும் பாதை இதற்குத் தோது, எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் பாதிக்குமேல் போய்விட்டால் முடித்தே ஆகவேண்டும். அதற்குச் சாப்பாடு கையில் இருப்பதே நல்லது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

என் ஓட்டு வந்து சமைப்பதற்குத்தான். குளிர்காலத்தில், நீண்ட சுற்றுப்பாதை என்றால் மட்டும் தொடைத் துண்டுகள் பையில் ஏறும். வெட்டி எடுத்த முதுகெலும்பை எறிந்துவிடாதீர்கள், மறுநாள் கால் வலிக்கும்போது சூப்புக்கு ஆகும்.