என்பிஏ அணித் திட்டமிடலுக்கான ஓர் இணையக் கருவி: என் மதிப்பீடு

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பருவம் முடிந்தபின் அணியை எப்படி மாற்றியமைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக, ஓர் இணையக் கருவிக்குச் சந்தா கட்டி இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெரும் பலம் ஊதியக் கணக்குதான். 2025-26 பருவத்துக்கான ஊதிய உச்சவரம்பு (ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கான வரம்பு; விதிவிலக்குகளின் மூலம் அதைத் தாண்டலாம்) சுமார் 15.46 கோடி டாலர். அதற்கும் மேலே, அணிகளின் பரிமாற்றங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ‘இரண்டாம் ஏப்ரன்’ எனப்படும் எல்லை சுமார் 20.78 கோடி டாலர். அந்த எல்லையைத் தாண்டிய அணி இரு வீரர்களின் ஊதியத்தை ஒன்றுசேர்த்து ஒரு நட்சத்திர வீரரைப் பெற முடியாது என்பதால், அப்படியொரு பரிமாற்றத்தை நான் உள்ளிட்ட உடனேயே கருவி அதைச் சிவப்பு நிறத்தில் நிறுத்தி, எந்த விதி தடுக்கிறது, எவ்வளவு ஊதியத்தைக் குறைத்தால் வழி பிறக்கும் என்பதையும் காட்டியது. இந்தத் தெளிவுக்காகவே கட்டிய பணம் தகும் என்பேன்.

ஆனால் டிராஃப்ட், அதாவது ஆண்டுதோறும் அணிகள் புது வீரர்களைச் சுற்றுமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, தொடர்பான பகுதி என்னை வருத்தியது. அடுத்தடுத்த இரு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வுரிமையே இல்லாத நிலைக்கு ஓர் அணி செல்லக் கூடாது என்பது அடிப்படை விதி. எனினும் வேறு முதல் சுற்றுத் தேர்வுரிமை எதுவும் கையில் இல்லாத ஓர் அணி 2027, 2028 ஆகிய இரு ஆண்டுகளின் உரிமைகளையும் விட்டுக்கொடுப்பதைக் கருவி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. மற்றபடி, ஓர் அணி கோடைக்காலத்தில் 21 வீரர்கள் வரை வைத்திருக்கலாம் என்பதையும், பருவம் தொடங்கும்போது வழக்கமான ஒப்பந்தங்கள் 15-க்குள் அடங்க வேண்டும் என்பதையும் சரியாகவே கையாள்கிறது. டிராஃப்ட் பிழையை எழுதித் தெரிவித்திருக்கிறேன். அது திருத்தப்படும்வரை தேர்வுரிமைகளை மட்டும் தாளில் தனியே குறித்துச் சரிபார்த்துக்கொள்கிறேன்.