கேர்பல் ரொக்கெட் கேம்: பழையதா, புதியதா, பிளேஸ்டேஷனா?

அக்காவின் மகனுக்குச் சந்திரயான் பைத்தியம். 2023 ஓகஸ்ட் 23, மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கினபோது, கோண்டாவில் வீட்டில் ரிவிக்கு முன்னால் தேத்தண்ணி ஆறினது தெரியாமல் இருந்தவன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தெரிந்ததும் பைத்தியம் இன்னும் முற்றிவிட்டது. இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு. ஒருநாள் டியூட்டரியால் வந்து கேட்டான்: "மாமா, சந்திரயான் நாப்பது நாள் எடுத்தது. அப்பலோ மூண்டு நாளில போட்டுது. ஏன்?"

எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் முழுதாக விளங்கியிருக்கவில்லை. அடுத்த கிழமை, "அந்த ரொக்கெட் கேமை வாங்கித் தாங்கோ" என்று வந்து நின்றான். கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம், ரொக்கெட்டை நாங்களே கட்டிப் பறக்க விடுகிற கேம். தேடிப் போனால் அந்தப் பேரில் ஒன்றல்ல, நாலைந்து கிடக்கிறது: கணினிக்கான முதலாவது கேம், அதற்கு இரண்டு விரிவாக்கங்கள், பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் தனிப் பதிப்பு, பிறகு இரண்டாம் பாகம். ஒரு மாதம் இழுபட்டு ஒன்றை வாங்கினேன்.

போனில் ஓடும் ரொக்கெட் கேம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் வைத்திருந்தது தட்டையான இரு பரிமாணக் கேம். தொடக்கத்துக்கு நல்லது. சுற்றுப்பாதையைச் சாய்ப்பது என்ற விசயமே அதில் வராது என்பதால் அவன் அதைத் தாண்டிவிட்டான்.

பிளேஸ்டேஷன் பதிப்பு முதலில் என் மனதில் நின்றது. நண்பன் வீட்டில் பிஎஸ்4 சும்மா தூசி பிடித்துக் கிடந்தது, இரவல் தரவும் ஆயத்தமாக இருந்தான். 2016இல் வந்த முதல் கொன்சோல் பதிப்பில் சேவ் கெட்டுப்போகிறது என்று உலகமெல்லாம் புகார் எழுந்தது. 2018 ஜனவரியில் வேறொரு குழு திருத்தி, என்ஹான்ஸ்ட் எடிஷன் என்று வெளியிட்டது. நான் விளையாடிப் பார்த்தது இந்தத் திருத்திய பதிப்பை, இரண்டே பின்னேரம்தான். அதை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பறப்பது பரவாயில்லை. ஆனால் ரொக்கெட் கட்டுவது என்பது நூறு துண்டுகளை இழுத்து, திருப்பி, ஒட்டுகிற வேலை. கொன்ட்ரோலரில் அது கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. அதோடு இந்தப் பதிப்பில் மொட், அதாவது விளையாடுகிறவர்களே எழுதிச் சேர்க்கிற பாகங்கள், போட முடியாது. அது ஏன் பெரிய விசயம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் பாகத்தில்தான் மருமகனின் கண் இருந்தது. புதியது, வடிவானது. வெள்ளவத்தையில் சித்தப்பாவின் மகனிடம் நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்ட மெசின் இருக்கிறது. ஒரு சனி ஞாயிறு அங்கே இருந்து விளையாடினேன். முகிலைக் கிழித்துக்கொண்டு ரொக்கெட் மேலே போகிற காட்சி, பின்னணி இசை, புதிதாக வருகிறவனுக்குச் சுற்றுப்பாதை என்றால் என்ன என்று சின்னக் கார்ட்டூன் போட்டு விளக்குகிற பாடங்கள், மூன்றுமே முதலாவதை விடத் திறம். அந்தப் பாடங்களுக்காகவே வாங்கலாமோ என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன்.

பிறகு அதன் ஜாதகத்தைப் பார்த்தேன். 2019இல் அறிவித்தார்கள். நடுவில் செய்கிற நிறுவனமே மாறியது. 2023 பெப்ரவரி 24 அன்று, முழுதாக முடியாத முன்னோட்ட நிலையில், 49.99 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு அதில் விஞ்ஞானப் பயணமும் இல்லை, வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது எரிகிற சூடும் இல்லை. அவை அந்த வருட டிசம்பரில் வந்தன. வேற்றுக் கோளில் குடியேற்றம், வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து விளையாடுவது என்று வாக்குக் கொடுத்தவை வரவே இல்லை. 2024இல் ஸ்டூடியோவை மூடினார்கள், அந்த ஜூனோடு திருத்தங்களும் நின்றன. ஆனால் கேம் கடையில் தொடர்ந்து கிடந்தது. இப்படி முன்னோட்ட நிலையில் விட்டுவிட்டுப் போன கேம்களின் பக்கத்தில், கடைசித் திருத்தம் வந்து இத்தனை மாதம் ஆகிறது என்று எச்சரிக்கைப் பலகை காட்டும் வழக்கத்தை, கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீம் 2025இல்தான் கொண்டுவந்தது.

இதற்கு மேல் மெசின் பிரச்சினை. வெளிவந்தபோது அது கேட்ட ஆகக் குறைந்த கார்ட் ஆர்டிஎக்ஸ் 2060, ராம் 12 ஜிபி. எங்களிடம் இருப்பது செக்கண்ட் ஹாண்ட் லப்டொப், ஜிடிஎக்ஸ் 1050 கார்ட், 8 ஜிபி ராம். அதிலேயே கதை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் மெசின் இருந்திருந்தாலும் நான் அதை வாங்கியிருக்க மாட்டேன்.

எங்கட ஒழுங்கையில் இன்னும் ஒரு ஒஸ்ரின் ஏ40 ஓடுகிறது. சொமசெட் மொடல். இங்கிலாந்தில் அதன் உற்பத்தி 1954இலேயே நின்றுவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்களே, அந்தச் சாதிக் கார். செய்த கம்பனி மறந்து எழுபது வருசமாகியும் ஏன் ஓடுகிறது? அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் கம்பனி நிறுத்தியது. அதன் உள் எல்லாம் ஊர் மெக்கானிக்குக்கு மனப்பாடம். சாமான் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போடுவார்கள். பாதி செய்த காரை விட்டுவிட்டு ஒரு கம்பனி போயிருந்தால், எந்தக் கராஜும் அதை முடித்துத் தந்திருக்காது.

கேர்பல் இரண்டையும் செய்தவர்கள் விட்டுவிட்டுத்தான் போனார்கள். வித்தியாசம் எப்போது விட்டார்கள் என்பதில்தான். நான் வாங்கிய முதலாவதைத் தொடங்கியது மெக்சிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற நிறுவனம். விளம்பர வேலை செய்துகொண்டிருந்த இடம் அது, கேம் நிறுவனமே இல்லை. 2011இல் முதல் வெளியீடு, 2015 ஏப்ரலில் 1.0, 2021 ஜூனில் 1.12. 2023 ஜனவரியில் 1.12.5 என்ற கடைசிச் சின்னத் திருத்தத்தோடு கை கழுவினார்கள். அந்த இலக்கம் இனி அசையாது. முந்தி ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் பழைய மொட்கள் உடையும், செய்தவர் திருத்தும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கரைச்சல் இல்லை. இன்று ஓடுகிற மொட் அடுத்த வருசமும் ஓடும்.

மொட்கள் இலவசம். இவைதான் என் கணக்கில் லேத். கேர்பல் எஞ்சினியர் என்றொன்று ரொக்கெட்டின் ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு டெல்டா-வி (எரிபொருள் முடியும் வரை வேகத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு) இருக்கிறது, எந்தத் திணிவுக்கு எவ்வளவு உதைப்பு என்று விபரமாகக் காட்டும். மெக்ஜெப் என்றொன்று தானாகவே ஓட்டும். அதை மருமகனுக்கு நான் தடை செய்திருக்கிறேன், பரீட்சையில் மெக்ஜெப் வராது. முகில், கடல் அலை, சூரிய ஒளி எல்லாவற்றையும் அழகாக்குகிற மொட்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையில் பார்த்த அழகில் ஒரு பங்கு எங்கள் பழைய லப்டொப்பிலும் வந்துவிட்டது. இவற்றைத் தேடி, ஒன்றுக்கொன்று பொருந்துதா என்று பார்த்துப் போட சிகேன் (CKAN) என்ற மென்பொருள் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மொட்டு மொட்டு என்று கதைப்பதைக் கேட்டு, ராஜபக்ச கட்சியின் மொட்டுச் சின்னம் என்று நினைத்து, "என்ன தம்பி, திரும்பவும் எலெக்‌ஷனோ?" என்று அம்மா கேட்டார்.

இன்னொரு விசயம், எங்கட ஊருக்கு இது முக்கியம். முதலாவது கேம் நாலைந்து ஜிபி. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கிற இரவு டேட்டாவில் ஒரே இரவில் இறங்கிவிட்டது. இறங்கின பிறகு இணையம் வேண்டாம். ஸ்டீமில் வாங்கினாலும் அந்தக் கோப்புறையை அப்படியே வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணி, ஸ்டீம் திறக்காமலே ஓட்டலாம். இந்த வசதியின் பெறுமதி எனக்கு விளங்கியது வாங்கி மூன்றாம் மாதம். லப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் ஒரு காலையில் கிர்ர் என்று சத்தம் போட்டுச் செத்தது. மருமகனின் முகம் செத்தவீடு மாதிரி. ஆனால் அதற்கு முதல் கிழமைதான் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி டிஸ்கில் போட்டு வைத்திருந்தேன். புது டிஸ்க் மாட்டி, கொப்பி பண்ணி, கிளிக் பண்ணினோம். கேம், இருபத்திரண்டு மொட், அவன் நிலவில் விட்டுவிட்டு வந்த ஜெப் என்ற விண்வெளி வீரன் வரை அத்தனையும் அதே இடத்தில் இருந்தன. ஒரு எம்பி டேட்டா செலவில்லை.

இப்போது அந்த நாற்பது நாள் கேள்வி. கேமில் வருகிற கேர்பின் என்ற கோள் பூமியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆரை 600 கிலோமீற்றர். வளிமண்டலம் 70 கிலோமீற்றரில் முடிகிறது. அதைச் சுற்றி வர ஏறத்தாழ 3,400 மீ/செ டெல்டா-வி போதும். முதல் நாள் மருமகனின் ரொக்கெட் ஏவுதளத்தில் நின்றபடியே பரசூட்டை விரித்தது. அடுக்கு வரிசையில் பரசூட்டை என்ஜினோடு ஒரே தட்டில் போட்டிருந்தான், ஸ்பேஸ் பாரைத் தட்டினதும் இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. மூன்றாம் நாள் வளிமண்டலத்தைத் தாண்டினான். பத்தாம் நாளளவில், மன் என்கிற கேமின் நிலவுக்குப் போக, வேண்டுமென்றே சின்ன என்ஜின் ஒன்றைப் போட்டான். ஒரே எரிப்பில் போக அதற்கு உதைப்புக் காணாது. நீட்டி எரித்தால் கோளை விட்டு விலகின இடத்தில் எரிபொருள் வீணாகும். ஆகவே கோளுக்கு ஆகக் கிட்ட வருகிற புள்ளியில் மட்டும் கொஞ்சம் எரித்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரும்ப அதே இடத்தில் எரித்து, பாதையை ஒவ்வொரு சுற்றிலும் நீட்டினான். ஐந்தாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, இதுதானே சந்திரயான் செய்தது! சின்ன ரொக்கெட், அதால சுத்திச் சுத்திப் போனது."

அப்பலோவை ஏற்றிய சற்றேர்ன்-5 மூன்றாம் அடுக்கால் ஒரே எரிப்பில் நிலவுக்குத் தள்ளியது. சந்திரயான்-3இன் ரொக்கெட் நீள்வட்டப் பாதையில் விட்டது, மிச்சத்தைக் கலமே படிப்படியாக நீட்டிக்கொண்டு போனது. நான் அரை மணித்தியாலம் சொல்லியும் ஏறாதது அந்தப் பின்னேரம் ஏறியது. இது இரண்டாம் பாகத்திலும் நடந்திருக்கும், கொன்சோலிலும் நடந்திருக்கும். ஆனால் எத்தனை மீ/செ எங்கே போனது என்று அடுக்கடுக்காகக் காட்டி, அவன் கொப்பியில் கணக்குப் போட்டுச் சரிபார்க்க விட்டது கேர்பல் எஞ்சினியர் மொட்தான்.

விலை. முழு விலை 39.99 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 12,000. அந்த விலைக்கு வாங்காதேயுங்கோ. தள்ளுபடிக் காலத்தில் இது நாலில் ஒரு பங்குக்குக் கூட இறங்கியிருக்கிறது. எங்கட காத்திருப்பு ஆறு கிழமை. கார்ட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு இரண்டு தரம் போன் எடுக்க வேண்டியிருந்தது, அதில் போனது இன்னும் நாலு நாள்.

எந்தக் கடை என்பதில் நான் பிழை விட்டேன். பழக்கதோசத்தில் ஸ்டீமில் வாங்கினேன். ஸ்டீமில் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் காசு திரும்ப வரும். இந்தக் கேமில் இரண்டு மணித்தியாலம் முதல் ரொக்கெட்டைக் கட்டவே போய்விடும். கொக் (GOG) என்ற இன்னொரு கடையிலும் இது இருக்கிறது. அங்கே 30 நாள் தவணை, நிறுவுகிற கோப்பையே முழுதாகத் தந்துவிடுவார்கள், டிஸ்கில் போட்டு வைக்கலாம். திரும்ப வாங்குவதென்றால் அங்கேதான்.

விரிவாக்கங்கள் இரண்டும் தனித்தனியே 14.99 டொலர். 2019இல் வந்த பிரேக்கிங் கிரவுண்டில் மடங்குகிற மூட்டு, சுழலி, தண்டு எல்லாம் இருக்கின்றன. சுழலியை வைத்து மருமகன் கேமின் செவ்வாயான டூனாவுக்கு ஒரு குட்டி ஹெலிகொப்டர் கட்டுகிறான். தள்ளுபடியில் தனியே வாங்கினேன், குறை இல்லை. 2018இன் மேக்கிங் ஹிஸ்டரியில் பழைய அமெரிக்க, சோவியத் ரொக்கெட்டுகளை ஒத்த பாகங்களும் சொந்தமாகப் பயணம் எழுதுகிற கருவியும் இருக்கின்றன. அதே மாதிரிப் பாகங்கள் மொட்டில் சும்மா கிடைப்பதால் நான் எடுக்கவில்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. மொட் கூடக் கூட ராம் தின்னும். இருபத்திரண்டு மொட்டோடு திறக்க விட்டால், அக்கா தேத்தண்ணி போட்டு, ஆத்தி, கொண்டுவந்து தரவும், கேம் ஏறுவதைக் காட்டுகிற பட்டை பாதியில்தான் நிற்கும். இப்போது அவனுக்குக் கேர்பின் சின்னதாகப் போய்விட்டது. சூரிய குடும்பத்தை உண்மை அளவுக்கு மாற்றுகிற மொட் ஒன்றிருக்கிறது. அதில் சுற்றுப்பாதைக்கு ஏறவே 9,400 மீ/செ அளவில் வேண்டும். அதைப் போட்டுப் பார்த்தோம், 8 ஜிபியில் லப்டொப் இரண்டு தரம் உறைந்தது.

முந்தநாள் யாழ்ப்பாணம் டவுனில் இன்னொரு 8 ஜிபி ராமுக்கு விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.